தாராவி: ஆயுதமும் கருவியும்

மும்பை மாநகரில் குடியேறி வாழும் தமிழ் மக்களுக்குத் தாராவி என்னும் பெயரை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. இன்று மாதுங்காவில் வாழ்வோராயினும், செம்பூரில் வாழ்வோராயினும், நம்மவருள் பலருடைய குடும்ப வரலாறு தாராவியின் ஏதேனும் ஒரு சந்தில் தொடங்கியிருக்கும். எனினும் தாராவியைக் கடந்து செல்வோர் பலர். நின்று கண்டோர் சிலர். மேற்கே மாகிம் நிலையம், கிழக்கே சயான் நிலையம், வடக்கே மித்தி ஆறு என்னும் எல்லைகளுக்கிடையே, இரண்டு சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய பரப்பில் அடங்கிய ஊர் இது. அதனுள் பல இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். வாழும் இடத்திலேயே தொழிலும் செய்கின்றனர்.

தாராவியின் நெருக்கடியைப் பற்றி எழுதியோர் அநேகர். அவ்வூரின் கைகளைப் பற்றிச் சில சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மனிதன் ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்து முடிக்கும்போது அடையும் நிறைவு எத்தகையது? துப்பாக்கியைத் தாமே செய்து மகிழ்வோர் உலகில் இருக்கின்றனர். அவர்கள் பெறும் நிறைவு துப்பாக்கியிலிருந்து வருகிறதா, கையிலிருந்து வருகிறதா? இக்கேள்விகளுக்குத் தாராவியின் தெருக்களிலேயே விடை காணலாம்.

காலா கில்லா

தாராவியில் ஒரு கோட்டை உண்டென்று கூறினால் பலர் வியப்புறுவர். மித்தி ஆற்றின் கரையையொட்டி, வீடுகள் சூழ்ந்து மறைத்து நிற்க, கருங்கல்லால் ஆன சிறு கோட்டை ஒன்று உள்ளது. ரீவா கோட்டை என்பது அதன் பழம் பெயர். மக்கள் வழங்கும் பெயர் காலா கில்லா, அதாவது கறுப்புக் கோட்டை. பம்பாய் ஆளுநராயிருந்த ஜான் ஹார்ன் என்பவரின் ஆணைப்படி 1737-ஆம் ஆண்டில் கட்டப்பட்டதென்று அதன் சுவரிற் பதித்த கல் கூறுகிறது.

அந்த ஆண்டிற்கு ஒரு பொருள் உண்டு. பம்பாய்த் தீவு ஆங்கிலக் கம்பெனியிடம் இருந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்த சால்செட் தீவு போர்ச்சுகீசியரிடம் இருந்தது. 1737-இல் மராட்டியப் படை அத்தீவினுட் புகுந்தது. 1739-இல் வசைக் கோட்டையும் மராட்டியர் வசமாயிற்று. அக்கரையில் எழுந்த போரைக் கண்டு இக்கரையினர் எழுப்பிய காவலே காலா கில்லா. அருகிலுள்ள சயான் குன்றின் கோட்டையும், மாகிம் கோட்டையும் அதன் துணைகள்.

கோட்டையைக் கட்டியவரின் பெயர் கல்லில் இல்லை. கட்ட ஆணையிட்டவரின் பெயரே இருக்கிறது. கல்லை உடைத்தவர் யார், சுமந்தவர் யார், சுண்ணாம்பைக் குழைத்தவர் யார் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. தாராவியில் இன்றும் பெருமளவு இவ்வாறே நிகழ்கிறது. பொருளைச் செய்பவர் ஒருவர். பெயரைப் பொறிப்பவர் வேறொருவர். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

தன் துப்பாக்கியைத் தானே செய்வோர்

கோட்டையைக் கண்டதும் பீரங்கியும் துப்பாக்கியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவையெல்லாம் அரசாங்கத்தின் ஆயுதசாலைகளிற் பிறப்பவை என்றே நாம் எண்ணுகிறோம். ஆயின் தனி மனிதர் தம் வீட்டுப் பட்டறையில் பொழுதுபோக்காகத் துப்பாக்கி செய்து மகிழும் வழக்கம் அமெரிக்க நாட்டில் உண்டு. விற்பதற்கன்றித் தம் சொந்த உபயோகத்திற்காகச் செய்துகொள்வதை அந்நாட்டு மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. மாநிலங்களின் சட்டங்கள் மட்டும் வேறுபடுகின்றன.

இவ்வழக்கத்தின் மூலம் நம் போன்ற குடியேறிகளிடமே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் சுவிஸ் நாட்டவரும் பென்சில்வேனியாவிற் குடியேறினர். தாய்நாட்டிலிருந்து குட்டையும் கனமுமான வேட்டைத் துப்பாக்கியின் தொழில்நுட்பத்தைக் கொண்டு வந்தனர். புதிய நாட்டின் காடுகளுக்கு ஏற்ப அதை நீளமாகவும் மெல்லியதாகவும் மாற்றினர். அந்நாட்டு மேப்பிள் மரத்தில் அதன் கட்டையைச் செதுக்கினர். பழைய கைத்திறமும் புதிய மண்ணும் கூடிப் பிறந்த அந்த நீண்ட துப்பாக்கியை இன்றும் அமெரிக்கர் தம் நாட்டுக் கலைப்பொருளாகவே போற்றுகின்றனர். வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க் என்னும் பழமை பேணும் நகரில், வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் இரும்பை அடித்துக் குழல் உருட்டுவது முதல் மரத்தைச் செதுக்குவது வரை அனைத்தையும் பழைய முறையிற் செய்து காட்டினார். அது 1969-இல் ஒரு படமாகவும் வெளிவந்தது. அக்கலையைப் பொழுதுபோக்காக மேற்கொண்டோர் பலர், வேலை நேரம் போக மாலைகளிலும் விடுமுறைகளிலும் உழைத்து, ஒரே துப்பாக்கியில் பல மாதங்களைச் செலவிடுகின்றனர்.

கடையிற் சென்றால் ஒரு மணி நேரத்தில் வாங்கக்கூடிய பொருளுக்காக இவ்வளவு காலம் ஏன் செலவிட வேண்டும்? அத்தொழிலின் ஒரு சிறு பகுதியைப் பார்த்தால் விடை விளங்கும். இரும்புப் பாகத்தை மரத்திற் பதிக்க வேண்டும். இடையில் மயிரிழை இடைவெளியும் கூடாது. இரும்பின்மேற் புகைக்கரியைத் தடவி மரத்தில் அழுத்துவர். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் மெல்லச் சீவுவர். மீண்டும் தடவுவர், மீண்டும் அழுத்துவர், மீண்டும் சீவுவர். நூறு முறை செய்தாலும் அவசரப்பட இயலாது. ஒரு முறை அதிகமாய்ச் சீவிவிட்டால் மரம் திரும்ப வளராது. அதை நன்றாகச் செய்வதற்குக் கைவிரல் ஒரு கண்ணாக மாற வேண்டும்.

இப்பயிற்சியால் மூன்று நன்மைகள் விளைகின்றன. முதலாவது, பொருளின் உள்ளும் புறமும் செய்தவனுக்குத் தெரிந்துவிடுகின்றன. பழுது வந்தால் அவன் பிறர் வாசலில் நிற்பதில்லை. இரண்டாவது, பொறுமை. மூன்றாவது, பொறுப்பு. மூன்றாவதே தலையாயது. துப்பாக்கி செய்தவன் தன் முகத்தை அதனருகே வைத்துச் சுட வேண்டும். வேலையில் நேர்மையின்மை இருந்தால் அது வெடித்துக் காட்டிவிடும். இலண்டன் நகரத் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-ஆம் ஆண்டில் அரச சாசனம் பெற்றதும், விற்பனைக்கு முன் ஒவ்வொரு குழலையும் கூடுதல் மருந்திட்டுச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் அங்கு நிலைபெற்றதும் இக்காரணத்தாலேயே. காலா கில்லா எழுவதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முந்திய சாசனம் அது.

நம் நாட்டில் ஏன் கூடாது?

இத்துணை நிறைவு தருவதாயின் நாமும் செய்யலாமே என்று இளைஞர் எவரேனும் கேட்கக்கூடும். அவர்களுக்கு வரலாற்றையும் சட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாராவித் தமிழருட் பெரும்பாலோரின் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. அச்சீமையிலே பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் முடிந்தபின், 1801-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் கிளைவ் பிரபு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி ஆணை பிறந்தது. பின்னர் 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமம் பெற வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. இந்த வேறுபாட்டைக் காங்கிரஸ் மகாசபை தொடக்க ஆண்டுகளிலிருந்தே கண்டித்தது. ஆகவே ஆயுதத்தைப் பறிப்பது என்பது நம் முன்னோர்க்கு மானத்தைப் பறிப்பதாகவே தோன்றியதில் வியப்பில்லை.

சுதந்திரத்திற்குப் பின் பழைய சட்டம் நீங்கி 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. இதில் நிற வேற்றுமை இல்லை. ஆனால் உரிமமின்றி எவரும் துப்பாக்கி செய்தலாகாது என்பது அதன் ஐந்தாம் பிரிவு. 2019-இல் நிறைவேறிய திருத்தத்தின்படி, இக்குற்றத்திற்கு ஏழாண்டுகளுக்குக் குறையாத சிறைவாசம் முதல் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். பொழுதுபோக்கு என்று சொல்வது தப்பும் வழியாகாது. அமெரிக்காவிலும் வீட்டில் இணைக்கும் துப்பாக்கித் தொகுதிகள் குற்றவாளிகள் கையிற் சேர்ந்தமையால், அவற்றிற்கும் வரிசை எண் வேண்டுமென்று 2022-இல் விதி செய்தனர். 2025-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியை ஏற்றது.

நம் நாட்டில் ஆயுதப் பற்று மிக்க சமூகமான குடகர்களின் வழக்கம் இங்கே நினைக்கத்தக்கது. அவர்களுக்கு உரிமத்திலிருந்து நெடுங்காலமாக விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதனை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. செப்டம்பர்த் தொடக்கத்தில் வரும் கயில்போது விழாவில் அவர்கள் துப்பாக்கிகளைத் துடைத்து வைத்து வழிபடுவர். அவற்றிற்குச் சூட்டும் மலர் நம் செங்காந்தள். அவர்கள் மொழியில் அதன் பெயரே துப்பாக்கிப் பூ என்று பொருள்படும். ஆயுதத்தைப் போற்றுவோரும் அதைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தே போற்றுகின்றனர்.

கட்டுப்பாடு நீங்கினால் நேர்வது என்ன என்பதைப் பீகாரின் முங்கேரிற் காணலாம். 1760-களில் நவாப் மீர் காசிம் அங்கே ஆயுதசாலை அமைத்தார். அக்கைத்திறம் தலைமுறை தலைமுறையாக வந்தது. இன்று உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் ஒருபுறம் இருக்க, கள்ளத் துப்பாக்கிகளுக்கும் அவ்வூர் பெயர் பெற்றுவிட்டது. திறமைக்கு நேர்மையான கூலி கிடைக்காத இடத்தில் திறமை இருட்டைத் தேடிப் போகிறது.

மேலும், தாராவியில் வாழ்ந்தோர் 1992 டிசம்பரையும் 1993 ஜனவரியையும் மறக்கவியலாது. இம்மாநகரில் ஏறத்தாழ தொள்ளாயிரம் உயிர்களைக் கொண்ட அக்கலவரம் தாராவியையும் சுட்டது. ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக் கொள்ளும் ஊரில், ஒரு வீட்டில் ஆயுதம் இருப்பது அடுத்த வீட்டின் உறக்கத்தைக் கெடுக்கும். பின்னர் அமைதியை மீட்டவர்கள், மதம் பாராது ஒன்றுகூடி வீடுவீடாகச் சென்ற அவ்வூர் மக்களே.

துப்பாக்கிக் கலையில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு நேர்வழி இல்லாமலில்லை. வொர்லியில் மகாராஷ்டிரா ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. கடலூரிற் பிறந்து, நம்மைப் போலவே வெளிமாநிலத்தில், குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைத் தங்கத்தை வென்றார். டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவின் சார்பிற் கலந்துகொண்டார். இது பாராட்டத்தக்க வழி.

ஆயினும் சுடுவது வேறு, செய்வது வேறு. செய்வதன் நிறைவை நாடுவோர் மீண்டும் தாராவிக்கே வர வேண்டும்.

தோலும் குத்தூசியும்

திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியின் முதல் தோல் பதனிடும் சாலையை 1887-ஆம் ஆண்டில் தொடங்கினர் என்பர். பெரிய பள்ளிவாசல் எழுந்ததும் அவ்வாண்டே. பாந்திராவின் இறைச்சிக்கூடம் அருகில் இருந்தது. நீருக்கு ஆறும் கழியும் இருந்தன. நகரத்தார் நெருங்க விரும்பாத சதுப்பு நிலம் இருந்தது. பின்னர் அதே சீமையின் ஆதிதிராவிட மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து, சுண்ணாம்புத் தொட்டியிலும் பட்டைத் தொட்டியிலும் இறங்கி உழைத்தனர். ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் தோல் பதனிடும் அறிவு நம் நாட்டுப் பழைய அறிவு. சதுப்பைக் குப்பையாலும் மண்ணாலும் தூர்த்து, அதன்மேல் வீடு கட்டி, 1913-இல் பிள்ளையாருக்கும் ஒரு கோயில் கண்டனர்.

1971-இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாற்றப்பட்டது. காலப்போக்கில் பதனிடும் சாலைகள் பெரும்பாலும் மூடப்பட்டன. தோற்பொருள் செய்யும் தொழில் மட்டும் நின்றது. சயான்–பாந்திரா இணைப்புச் சாலைக் கடைகளிற் காணும் பைகளும் இடுப்புவார்களும் பின்னாலுள்ள சந்துகளில் உருவானவையே. அப்பாற் சென்றால் கும்பார்வாடா. சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் முற்றத்துச் சூளைகளில் தீபாவளி அகல்களைச் சுடுகின்றனர். தொண்ணூறு அடிச் சாலையின் பக்கத்தில் முறுக்குப் பிழியும் நம் பெண்டிர், தையற்பொறிகளின் இரைச்சல், வேறொரு புறம் பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்துப் புதிதாக்குவோர்.

இத்தனை கைகளும் பிறருக்காகச் செய்பவை. எண்ணிக்கைக்கு இவ்வளவு என்பது கூலி. ஒருவர் வெட்டுவார்; ஒருவர் ஒட்டுவார்; ஒருவர் தைப்பார். முழுப் பையையும் ஒருவரே செய்வது அரிது. இறுதியில் அதன்மேல் பதிவது வேறொருவர் பெயர். காலா கில்லாவின் கல்லைப் போலவே!

அண்மையில் அத்தகைய பட்டறை ஒன்றிற்கு நண்பருடன் சென்றிருந்தேன். வேலை நேரம் முடிந்து விளக்குகள் அணைந்தபின், திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒரு மூலையில் தனி விளக்கின் கீழ் அமர்ந்திருந்தார். தேய்ந்து பளபளத்த குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலைக் கையாலேயே இழுத்துத் தைத்துக் கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பொறியிலே தைத்தால் பத்து நிமிஷந்தானே?” என்று நண்பர் வினவினார்.

“பொறியிலே தைப்பது முதலாளிக்கு, தம்பி. இது என் பேத்திக்கு. கல்லூரிக்குப் போகிறாள். தோலை நானே பார்த்து எடுத்தேன், நானே வெட்டினேன். இதில் அறுந்தால் என்னைத்தான் கேட்பாள்” என்றார்.

பிறகு சற்று மௌனமாயிருந்து, “இந்தக் கத்தியையும் ஊசியையும் விருந்தாளி வரும்போது உள்ளே வைத்துவிடுங்கள் என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வேலையைச் சொல்லித்தானே நம்மை ஊரில் தள்ளி வைத்தார்கள்? ஆனால் இவள் இந்தப் பையை எல்லோரும் பார்க்கத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள் என்றாள். அது போதும்” என்றார்.

அவர் வேறொன்றும் விளக்கவில்லை. தைத்த வரிசையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒரு தையல் மனத்திற்கு ஒவ்வவில்லை போலும், பிரித்து மீண்டும் தைத்தார்.

பென்சில்வேனியாக் கைவினைஞன் புகைக்கரி தடவிச் சீவும் பொறுமைக்கும் இப்பெரியவரின் பொறுமைக்கும் வேற்றுமை யாது? பொருளை உள்ளும் புறமும் அறிதல் இங்கும் உண்டு. பொறுப்பும் உண்டு, அறுந்தால் பேத்தி கேட்பாள். ஆகவே நிறைவு துப்பாக்கியில் இல்லை. முழுப் பொருளையும் தானே செய்து, அதற்குத் தானே பதில் சொல்லும் நிலையில் இருக்கிறது. அமெரிக்கர் அதனைச் சட்டத்தின் இடைவெளியிலும் செல்வத்தின் ஓய்விலும் பெறுகின்றனர். நாள் முழுதும் பிறர்க்கென உழைத்த கை, இரவில் ஒரு மணி நேரம் தனக்கென உழைக்கும்போது, அந்நிறைவோடு மானமும் சேர்ந்து வருகிறது.

ஆயுத பூசையின் பொருள்

நம் மொழியும் வழக்கமும் இவ்வுண்மையை முன்னமே அறிந்திருக்கின்றன. ஆயுத பூசை என்கிறோம். ஆனால் அன்று நம் வீடுகளில் வாளையும் வேலையும் எவர் வைக்கின்றனர்? அரிவாள்மனை, சுத்தியல், தையற்பொறி, தராசு, புத்தகம் ஆகியவற்றுக்கே சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். தாராவிப் பட்டறைகளில் அன்று குத்தூசிக்கும் பூ உண்டு. ஆயுதம் என்ற சொல்லைப் படைக்கலத்தினின்றும் மீட்டுக் கருவிக்குச் சூட்டிய மக்கள் நாம். ஆண்டில் ஒருநாள் பூச்சூட்டிய கருவியை மற்ற நாட்களில் ஒளித்து வைப்பது முறையாகுமா?

நம் பிள்ளைகள் படிக்க வேண்டும். உயர்ந்த பதவிகளைப் பெற வேண்டும். தந்தையின் தொழிலே மகனுக்கும் என்று விதித்த கொடுமை திரும்பவே கூடாது. கட்டாயத்தினாற் செய்யும் கைத்தொழில் விலங்கு. விரும்பிச் செய்யும் கைத்தொழிலோ செல்வம். முன்னதை ஒழிக்கப் புறப்பட்டுப் பின்னதையும் வீதியில் எறிந்துவிடுதல் ஆகாது. பொறியியல் கற்கும் மகன் ஒரு நாற்காலியைத் தன் கையாற் செய்து பார்க்கட்டும். மருத்துவம் கற்கும் மகள் ஒரு தையலைத் தாத்தாவிடம் கற்கட்டும்.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப் புள்ளி 2022-இல் முடிவாகி, அதுபற்றிய பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்கின்ற காலம் இது. நல்ல வீடும், குழாய்நீரும், கழிப்பறையும் அம்மக்களின் உரிமை. ஆனால் வீட்டோடு ஒட்டிய பட்டறை எங்கே போகும் என்ற கேள்விக்கும் விடை வேண்டும். அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் சூளை மூட்ட முடியாது. தோல் காய வைக்கவும் முடியாது. வீடு கிடைத்துக் கை வெறுமையானால் அது முழுமையான வாழ்வாகாது.

ஆதலின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் சயான் நிலையத்திலோ மாகிம் நிலையத்திலோ இறங்கித் தாராவிக்குச் செல்லுங்கள். காலா கில்லாவின் கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கட்டியவர் பெயர் ஏன் அதில் இல்லை என்று கேளுங்கள். பின்னர்ப் பட்டறைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, பொருள் பிறக்கும் இடத்தைக் காட்டுங்கள். வேடிக்கை பார்ப்போராகச் செல்லாமல், உறவினரைக் காண்போராகச் செல்லுங்கள். வரும் ஆயுத பூசையன்று நம் சங்கங்கள், ஒவ்வொரு குடும்பமும் தன் கையாற் செய்த பொருள் ஒன்றைக் கொணர்ந்து வைக்கும் சிறு காட்சியை நடத்தலாம். செய்தவர் பெயரைத் தவறாமல் அதன்மேல் எழுதி வைப்போமாக!